மிதிவண்டியிற் பின்னமர்வோர்க்கு நேரும் புண்களும் அவற்றின் நெடுநாட் பேணலும்

மக்கள் தம் உழைப்பைக் குறைத்து வாழ்வை எளிதாக்கிக்கொள்ளக் கண்ட பொறிகள் பலவாகும். அவற்றுள் ஏழையின் வாயிற்படி வரையில் வந்து, அவனுக்கு உற்ற துணையாய் நின்றது மிதிவண்டியே என்று கூறின் அது மிகையாகாது. புல்லும் வேண்டாது, பெட்ரோலும் வேண்டாது, ஏறியவன் காலின் வலிமையையே தனக்கு உணவாகக் கொண்டு ஓடுவது அது. 1817-ஆம் ஆண்டில் ஜெர்மானிய நாட்டினரான கார்ல் டிரைஸ் என்பார் மிதியில்லாத மரவண்டி ஒன்றைக் காலால் உந்திச் செலுத்திக் காட்டினார். 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார், பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் வண்டியை அமைத்து, இன்று நாம் காணும் வடிவிற்கு அடிகோலினார். 1888-இல் பெல்பாஸ்டு நகரத்திலிருந்த டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் சிறு மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்காது செல்லவேண்டும் என்று கருதி, காற்றடைத்த ரப்பர்க் குழாயை அதன் சக்கரங்களிற் பொருத்தினார். ஆகவே, பிள்ளையின் உடல் நோவாதிருக்கவேண்டும் என்னும் எண்ணம் இவ்வண்டியின் வரலாற்றில் பண்டே இடம்பெற்றுளது. அவ்வெண்ணம் நம் ஊர்த் தெருக்களில் எத்துணைத் தூரம் நிலைபெற்றது என்பதே ஈண்டு யான் ஆராயப் புகுந்த பொருள்.

இராமநாதபுரம் சீமை மழை குறைந்த, மேடுபள்ளம் மிகுதியில்லாத சமவெளி. மிதிவண்டிக்கு இதனினும் ஏற்ற நிலம் வேறில்லை எனலாம். தேவிபட்டினத்திலும், கீழக்கரையிலும், மண்டபத்திலும், பாம்பனிலும், தங்கச்சிமடத்திலும், வைகறையில் கடற்கரையில் ஏலம் எடுத்த மீனைப் பெட்டியிலிட்டுப் பின்புறத்தே கட்டிக்கொண்டு உள்ளூர்களுக்கு விரையும் வணிகரைத் தலைமுறை தலைமுறையாக நம்மவர் கண்டுள்ளனர். பனங்கிழங்கும், விறகும், குடிநீர்க் குடமும் அதன்மேல் ஏறின. 1988-இல் பாம்பனில் சாலைப் பாலம் திறக்கப்பெற்றபின், தீவினின்றும் மிதித்துக்கொண்டே பெருநிலத்திற்கு வந்து சேர்தலும் கைகூடிற்று. அண்டையிலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டளவில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் பெண்டிர்க்குக் கற்பித்தனர். அவ்வாறு கற்ற தாய்மார் ஆயிரக்கணக்கானோர். அவர்தம் வண்டிகளின் பின்னே தண்ணீர்க் குடமும் முன்னே குழந்தையும் அமர்ந்து சென்ற காட்சி, அந்நாளில் நாடெங்கும் பேசப்பட்டது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் முதல், பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு அரசினர் விலையின்றி மிதிவண்டி வழங்கி வந்தமையும் யாவரும் அறிந்ததே.

இவையெல்லாம் நன்மையே. ஆயின் வண்டியைச் செய்தவன் ஒருவன் அமர்வதற்காகவே அதனைச் செய்தான். வறுமையும் அன்பும் சேர்ந்து இரண்டாமவரையும், சில பொழுது மூன்றாமவரையும் அதன்மேல் ஏற்றின. ‘டபுள்ஸ்’ என்று நாம் வழங்கும் அப்பயணத்தில், ஓட்டுவோனுக்குப் பற்றக் கைப்பிடி உண்டு. ஊன்ற மிதி உண்டு. நிறுத்தத் தடை உண்டு. முன்னே வரும் பள்ளத்தைக் காணக் கண் உண்டு. பின்னே ‘கேரிய’ரில் அமர்ந்திருப்பவர்க்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. கால் வைக்கவும் இடமில்லை. பிறர் ஒருவருடைய கவனத்தையே தமக்குக் காப்பாகக் கொண்டு அவர் செல்கின்றார்.

இதனை யான் நூலிற் கற்று அறிந்தேனல்லேன். ஆறாண்டுகளுக்கு முன், எனக்குப் பதின்மூன்று வயது நிரம்பிய காலத்தில், ஆறு வயதினளாகிய என் தங்கையைப் பின்னே ஏற்றிக்கொண்டு எங்கள் கடற்கரை ஊரிலிருந்து பள்ளிக்குச் சென்றேன். மணி அடித்துவிடுமென்று விரைந்து மிதித்தேன். வண்டி திடீரென நின்றது. சங்கிலி கழன்றதென எண்ணி வலிந்து மிதித்தேன். அதன் பின்னரே அவள் அலறியது என் செவிக்கு எட்டிற்று. அவளுடைய வலக் குதிகால் சக்கரத்தின் கம்பிகளுக்கிடையே அகப்பட்டிருந்தது. அஞ்சிய யான் காலைப் பற்றி வெளியே இழுத்தேன். அக்கணத்தில் யான் செய்த பிழைகள் இரண்டு: வலிந்து மிதித்தது ஒன்று; இழுத்தது மற்றொன்று. அன்று மாலைக்குள் வீட்டார் செய்த பிழைகள் பல. அவற்றை யாவரும் அறிந்து விலக்கவேண்டுமென்பதே இக்கட்டுரை எழுந்ததன் காரணம்.

1. கம்பிக் காயத்தின் இயல்பு

மிதிவண்டியின் சக்கரத்திலுள்ள ஆரக்கம்பிகளை நம் மக்கள் ‘போக்ஸ் கம்பி’ என்பர். சிறு பிள்ளையின் கால் குறுகியது. தொங்குங்கால் அது சக்கரத்தின் நடுப்பகுதியருகே நிற்கும். களைத்த பிள்ளை கால்களை உள்நோக்கி ஒடுக்கிக்கொள்ளும், உறக்கத்தில் தளரவிடும். அப்பொழுது பாதம் கம்பிகளுக்கிடையே புகுந்தால், சுழலும் சக்கரம் அதனை இழுத்துச் சென்று வண்டிச் சட்டத்தின் பின்கவையோடு வைத்து நெருக்கும். 1969-ஆம் ஆண்டில் ஐசன்ட் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவரும் அவர்தம் துணைவரும் இக்காயத்தை ஆராய்ந்து, இதில் மூவகை ஊறு கலந்திருத்தலை எடுத்துக்காட்டினர். கம்பி கத்திபோலத் தோலைக் கீறுதல் ஒன்று. சக்கரத்திற்கும் சட்டத்திற்கும் இடையே தசை நசுங்குதல் இரண்டு. இவ்விரு விசைகளும் கூடித் தோலை அடித்தசையினின்றும் உரித்து விலக்குதல் மூன்று.

இம்மூன்றனுள் கண்ணுக்குப் புலனாவது முதலாவதே. ஏனைய இரண்டும் உள்ளே மறைந்திருக்கும். அதனாலேயே இக்காயம் வஞ்சகமானது என்கின்றோம். முதல் நாளில் ஒரு சிறு கீறலாகத் தோன்றும். தாயும் தந்தையும் ‘தோல்தான் வழன்றது’ என்று ஆறுதல் அடைவர். நசுங்கிய தோலுக்குக் குருதி ஊட்டும் நுண்குழாய்கள் அடைபட்டிருக்கும். இரண்டு மூன்று நாட்கள் கழிந்தபின் அத்தோல் கறுக்கும். ஒரு வாரத்தில் அது செத்து உதிர்ந்து, ஆழமான புண் வெளிப்படும். கீழ்க்காலெலும்பு முறிந்திருந்தாலும் குழந்தைகளுக்கு அது வளைந்து தோன்றாதிருத்தலும் உண்டு. ஆகையால், காயம் சிறிதாயினும் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தலும், முதல் இரண்டு நாட்களுக்குள்ளும் ஒரு வாரத்திற்குள்ளும் மீண்டும் மருத்துவர்க்குக் காட்டுதலும் இன்றியமையாதன. என் தங்கைக்கு இவ்விரண்டும் நடைபெறவில்லை. அருகிருந்த ஒரு சிறு மருத்துவ நிலையத்தில் தையல் இட்டுத் திருப்பி அனுப்பினர். வீட்டில் முதியோர் சொற்படி காப்பித்தூளும் மஞ்சளும் அப்பினோம். எட்டாம் நாள் கட்டு அவிழ்த்தபொழுது எழுந்த நாற்றத்தை இன்றும் மறந்தேனல்லேன்.

2. ஆண்டுகள் கடந்து தோன்றும் விளைவுகள்

புண் ஆறியதும் நோய் முடிந்தது என்று கொள்ளுதல் பெரும்பாலோர் வழக்கம். கம்பிக் காயத்தில் அது பொருந்தாது. அதன் விளைவுகள் ஐந்து என்று வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, குதிகாலின் தோல் பற்றியது. அவ்விடத்துத் தோல் உடல் முழுவதையும் தாங்கத்தக்க தடிப்பும் உறுதியும் உடையது. அஃது ஒருமுறை அழிந்துவிட்டால், வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுதல் கூடுமாயினும், ஒட்டிய தோல் முன்னையதன் வலிமையைப் பெறுவதில்லை. அதில் வியர்வையும் நெய்ப்பும் சுரப்பதில்லை; உணர்ச்சியும் குறைவு. நண்பகலில் இராமேசுவரத்து மணல் எத்துணைக் கொதிப்புடையது என்பது அங்கு நடந்தோர்க்குத் தெரியும். உணர்ச்சியற்ற தோலையுடைய பிள்ளை அம்மணலில் நின்று, சுடுவது அறியாமலே கொப்புளம் கொள்ளும். சங்கின் உடைந்த விளிம்பு கிழித்தாலும் குருதியைக் கண்டபின்னரே அறியும்.

இரண்டாவது, குதிகாலுக்கு மேலே கயிறுபோல் விளங்கும் பெருந்தசைநாண் பற்றியது. நாம் விரலூன்றி எழுவதும், படியேறுவதும், ஓடுவதும் அதன் தொழிலே. கம்பி அதனை அறுத்துவிடுதல் உண்டு. குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை மெல்லப் பிசைந்தால், நலமுள்ள பாதம் தானே கீழ்நோக்கி அசையும். நாண் அறுந்த பாதம் அசையாது கிடக்கும். மருத்துவர் இவ்வெளிய சோதனையால் அதனை அறிவர். அறிந்து உடனே தைத்தால் நலம். அறியாது விட்டால் நடை தளர்ந்து என்றும் நொண்டுதல் நேரும்.

மூன்றாவது, எலும்பின் வளர்ச்சி பற்றியது. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் மெல்லிய குருத்துத் தகடு ஒன்று உண்டு. எலும்பு நீளுவது அத்தகட்டினாலே. அது நசுங்கினால் வளர்ச்சி ஒருபுறம் நின்று, மறுபுறம் நடைபெறும். ஆதலின் கணுக்கால் கோணும், அல்லது கால் குறுகும். இது முதல் எக்ஸ்ரேயிற் புலப்படாமற் போதலும் கூடும். பல திங்கள் கழிந்தே வெளிப்படுமாதலால், பிள்ளை வளர்ந்து முடியும் வரையில் குறித்த இடைவெளிகளில் அளந்து பார்த்தல் வேண்டும்.

நான்காவது, மூட்டின் இறுக்கமும் வடுவின் சுருக்கமும். வலிக்கு அஞ்சிக் காலை அசைக்காது வைத்திருக்கும் பிள்ளையின் கணுக்கால் இறுகும். வடு சுருங்கிப் பாதத்தைக் கீழ்நோக்கி இழுக்கும். பின்னர் அப்பிள்ளை குதிகால் நிலத்திற் படாமல் நடக்கப் பழகும். இடுப்பும் முதுகும் அதற்கேற்ப வளைந்து நோவும்.

ஐந்தாவது, ஆறாப் புண். செருப்பு உரசும் இடத்தில் வடு பலமுறை வெடித்து, ஆண்டுக்கணக்கில் ஆறாது நிற்றல் உண்டு. அத்தகைய நெடுநாட் புண்ணிலும் வடுவிலும் பல ஆண்டுகட்குப் பின் அரிதாகப் புற்றுநோய் தோன்றுதலும் மருத்துவர் அறிந்ததே. ஆதலின் பழைய வடு தடித்தாலும், புண் விளிம்பு உயர்ந்தாலும், ஓயாது குருதி கசிந்தாலும் காலந்தாழ்த்தாது காட்டவேண்டும்.

3. பின்னமர்வோர்க்கு நேரும் பிற ஊறுகள்

கால் ஒன்றுமட்டுமே ஊறுபடுவது என்று எண்ணற்க. ஒருபுறமாகக் கால்களைத் தொங்கவிட்டு அமரும் பெண்டிர், வேகத்தடையிலோ பள்ளத்திலோ வண்டி துள்ளும்போது பின்புறமாக விழுவர். பிடரி தரையில் மோதும். விழுந்தவர் எழுந்து நடந்து வீடு சேர்ந்தாலும், பின்னாளில் தலைவலி, மறதி, எளிதிற் சினத்தல், உறக்கமின்மை, மணம் அறியாமை, வலிப்பு என்பன தோன்றலாம். முதியோர்க்கு மண்டைக்குள் குருதி மெல்லக் கசிந்து, பல வாரங்கட்குப் பின்னர் மயக்கமும் தடுமாற்றமும் நேர்தல் உண்டு. ‘வயதாகிவிட்டது’ என்று அதனைத் தள்ளிவிடாமல், முன்பு விழுந்த செய்தியை மருத்துவர்க்கு நினைந்து கூறுதல் உயிரைக் காக்கும்.

முன்னே ‘பா’ரில் அமர்த்தப்படும் குழந்தை விழும்போது, கைப்பிடியின் முனை அதன் வயிற்றிற் குத்தும். வெளியே ஒரு சிறு வட்டத் தழும்பே தெரியும். உள்ளே மண்ணீரலோ கணையமோ கிழிந்திருத்தல் கூடும். வயிற்றுவலியும் வாந்தியும் மறுநாளும் தொடருமாயின் அதனை அற்பமாக எண்ணலாகாது.

சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்திற் சுற்றிக்கொண்டு கழுத்தை இறுக்குதலும், அமர்ந்தவரைக் கீழே இழுத்து வீழ்த்துதலும் நம் நாட்டிற்கே சிறப்பாக உரிய துன்பங்கள். இதனை எண்ணியே, 1989-ஆம் ஆண்டின் மைய மோட்டார் வாகன விதிகளுள் 123-ஆம் விதி, மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்திற் பாதிக்குக் குறையாத அளவு மூடும் காப்பும், பின்னமர்வோர்க்குக் கைப்பிடியும் கால்வைக்கும் இடமும் இருத்தல்வேண்டும் என்று பணிக்கின்றது. மிதிவண்டி மோட்டார் அன்றாதலின் அவ்விதியின் ஆணைக்கு உட்பட்டதன்று. விரைவு குறைந்ததாயினும், கம்பி கம்பியே, குதிகால் குதிகாலே.

முதுகெலும்பு முறிந்து இடுப்பின்கீழ் உணர்வற்றுப்போதல் இவையனைத்தினும் கொடிது. அஃது அரிதே; எனினும் நேர்ந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் பேணல் வேண்டுவது. படுக்கையிற் கிடப்போரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிவிடாவிடில் படுக்கைப்புண் உண்டாகும். சிறுநீர் தேங்கினால் சிறுநீரகம் கெடும். மூட்டுகளை நாடோறும் அசைத்துவிடாவிடில் அவை முடங்கும்.

4. பேணல் நான்கு

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர் என நான்கினையும் சேர்த்தே மருத்துவம் என்று வகுத்தருளினார். நம்மவர் நடுவிலுள்ள இரண்டினையே பெரிதாக எண்ணுகின்றனர். முதலும் முடிவுமாகிய இரண்டும் நெடுநாட் பேணலில் அவற்றினும் பெரியன.

முதலில், அருகிருப்போர் செய்யத்தக்கன. கால் அகப்பட்டவுடன் வண்டியை நிறுத்துக. பிள்ளையைத் தாங்கிப் பிடிக்க. காலை இழுக்கவும், சக்கரத்தைச் சுழற்றவும் முயலற்க. கம்பியை வெட்டியாவது, சக்கரத்தைக் கழற்றியாவது காலை விடுவித்தல் முறை. மிதிவண்டிக் கடைக்காரரிடம் இதற்கான கருவிகள் உண்டு. புண்ணைத் தூய குடிநீரால் நன்கு கழுவுக. காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், மண் என்பவற்றுள் ஒன்றையும் இடற்க. இவை அழுக்கை உள்ளே பூட்டுவதோடு, மருத்துவர் புண்ணின் நிறத்தைக் காணவும் ஒட்டாமற் செய்யும். தூய துணியால் மூடி, குருதி பெருகினால் அதன்மேல் அழுத்துக. கால் அசையாதிருக்க, கருக்கு நீக்கிய பனைமட்டையையோ பலகையையோ துணி சுற்றி வைத்துக் கட்டலாம். நம் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. காலை நெஞ்சினும் உயரத் தூக்கி வைக்க. எலும்பு முறிந்ததோ என்னும் ஐயம் உள்ள காலை நீவுதல் கூடாது. தலைகுப்புற வீழ்ந்து கழுத்திலோ முதுகிலோ நோவெடுப்பவரை இருவர் மூவராய்க் கைகால் பிடித்துத் தூக்காது, 108 வண்டி வரும் வரையில் அசையாது வைத்திருத்தல் நலம்.

அடுத்து, மருத்துவமும் மருந்தும். ஈர்ப்புவலி எனப்படும் டெட்டனசைத் தடுக்கும் ஊசி, எக்ஸ்ரே, புண்ணைத் தூய்மை செய்தல், வேண்டுமிடத்து மாவுக்கட்டு என்பன முதற்படி. நசுங்கிய தோலை இறுகத் தைத்தால் அது மேலும் சாகும். ஆதலின் சில புண்களைத் திறந்தே வைத்துப் பல நாள் கழித்து மூடுவர். அதனைக் கண்டு மருத்துவர் கவனமில்லாதவர் என்று ஐயுற்று வேறிடம் ஓடுதல் தகாது. முன்னாளில் தீவிலும் அதன் சுற்றிலும் இருந்தோர் பெருஞ்சிகிச்சைக்கு மதுரைக்கே செல்லவேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றமையால் அவ்வருமை ஓரளவு நீங்கிற்று. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ என்னும் திட்டம், சாலை விபத்துற்றோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்க எழுந்தது. விபத்துற்றோரைத் தூக்கிச் சென்று சேர்ப்பவர், தம் பெயரைக் கூறவேண்டுமென்று வற்புறுத்தப்படாவண்ணம் 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் காப்பளிக்கின்றது. ஆகவே ‘வழக்கு வருமே’ என்று அஞ்சி விலகுதற்கு இடமில்லை.

மூன்றாவது, 48 மணி நேரம் கழிந்தபின் வரும் திங்களும் ஆண்டும். இங்கேதான் நம் பேணல் அறுந்துவிடுகின்றது. மாவுக்கட்டை அகற்றியதும், மருத்துவர் கற்பித்த கணுக்காற் பயிற்சியை நாள்தோறும் செய்வித்தல் வேண்டும். பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், வட்டமாகச் சுழற்றுதல், துண்டொன்றை விரலடியிற் கோத்துத் தன்பக்கம் மெல்ல இழுத்தல், பின்னர் விரலூன்றி எழுதல் எனப் படிப்படியாக அது வளரும். வடுவிலும் ஒட்டிய தோலிலும் தேங்காயெண்ணெய் தடவி, நாளும் இருமுறை மெல்லத் தேய்த்துவிடுதல் நலம். குதிகாலில் உரசாத மென்மையான செருப்பு இன்றி வெளியே விடலாகாது. ஒவ்வோரிரவும் பாதத்தின் அடியைப் பார்த்தல் வேண்டும். பார்க்க இயலாதவர் சிறு கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தின்கீழ் இயன்முறைப் பயிற்சியை வீட்டிற்கே வந்து செய்விப்பாரும் உளர். நிலையான குறைபாடு ஏற்பட்டவிடத்து, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி சான்று பெறுதல் இழுக்கன்று. 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடு உடையோர்க்கு அரசின் உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடத்தை அச்சட்டம் ஒதுக்குகின்றது.

நான்காவதாக, நோயுற்றவரின் உள்ளம். நொண்டி என்று பட்டப்பெயர் சூட்டும் பள்ளித் தோழரும், ‘இவளை யார் கொள்வார்’ என்று அவள் கேட்கவே பேசும் உறவினரும், கம்பி செய்த காயத்தினும் பெரிய காயத்தைச் செய்கின்றனர். ஊறுபட்ட பிள்ளையை விளையாட்டினின்றும் விலக்கி மூலையில் உட்காரவைப்பதும் அன்பாகாது.

5. ஒருவர் வரலாறு

வண்டியில் ஏறிச் சென்றவர் ஒருவர் ஊறுபட்டு, அவ்வூற்றினின்றும் பல்லாயிரவர்க்கு நலம் விளைத்த வரலாறு நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. கேரளத்திற் பிறந்த மேரி வர்கீஸ் அம்மையார் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற இளம் மருத்துவர். 1954-ஆம் ஆண்டில், உடன்பணியாற்றுவோர் பலரோடு மோட்டார் வண்டியிற் சென்றபோது அது கவிழ்ந்தது. அம்மையார்க்கு முதுகெலும்பு ஊறுபட்டு, இடுப்பின்கீழ் உணர்வு அற்றது. வேலூரில் தொழுநோயாளர் கைகளைச் சீர்ப்படுத்தும் அறுவை முறையில் முன்னின்ற டாக்டர் பால் பிராண்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைத்தொழில் செய்யலாகும் என்று அவர்க்கு ஊக்கமளித்தார். அவ்வாறே அம்மையார் அமர்ந்தபடி நோயாளர் கைகளைத் திருத்தினார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவப் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1966-இல் வேலூரில் ஊறுபட்டோர் தங்கி மறுவாழ்வுப் பயிற்சி பெறுதற்கான நிலையம் திறக்கப்பெற்றது. 1972-இல் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. 1986-இல் மறைந்தார்.

இவ்வரலாற்றில் நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. உயிர் காத்தலோடு மருத்துவம் முடிந்துவிடவில்லை என்பதனை அம்மையார் தம் உடம்பினாலேயே கற்றார். படுக்கையினின்று நாற்காலிக்கு மாறுவது எவ்வாறு, புண் வாராமற் காப்பது எவ்வாறு, மீண்டும் ஒரு தொழிலைச் செய்து உண்பது எவ்வாறு என்னும் வினாக்களுக்கு விடை தேடிய அந்நிலையம், காயம்பட்ட நாளினும் அதன் பின்வரும் பதினாயிரம் நாட்கள் பெரியன என்பதை நமக்கு உணர்த்துகின்றது.

6. வருமுன் காத்தல்

பேணலினும் சிறந்தது வாராமற் காத்தல். அதற்கு வேண்டும் செலவு சிறிதே. முன்னாளில் பெண்டிர் அமரும் வண்டிகளின் பின்சக்கரத்தில் ‘சாரி கார்டு’ என்னும் காப்புவலை பொருத்தப்படும். கடற்காற்றின் உப்பு இரும்பை விரைந்து தின்னும் நம் கரையில், அது துருப்பிடித்துத் தொங்கியதும் கழற்றி எறிந்துவிடுவர். அதனையே மீண்டும் பொருத்தலாம். இரும்பு வேண்டாவிடில், கெட்டியான பிளாஸ்டிக் வலையைச் சக்கரத்தின் இருபுறமும் சட்டத்தோடு இறுகக் கட்டலாம். பின்னமர்வோர் கால்வைக்க அச்சின் இருபக்கமும் சிறு குழாய்த் துண்டு பொருத்துதலை மிதிவண்டிக் கடைக்காரர் எளிதிற் செய்து தருவர். சிறு பிள்ளைகளுக்குக் கால்மறைப்பும் கட்டுவாரும் உள்ள தனி இருக்கை கிடைக்கின்றது. பாதத்தை முழுவதும் மூடும் காலணி காயத்தின் கடுமையைக் குறைக்கும். உறங்கும் குழந்தையைக் கேரியரில் ஏற்றுதல் எஞ்ஞான்றும் கூடாது. சேலைத் தலைப்பை மடித்துச் செருகிக்கொண்டபின்னரே அமரவேண்டும். இவை தவிர, ஓட்டுவோன் அறியவேண்டிய விதி ஒன்றுண்டு: வண்டி காரணமின்றி இறுகி நின்றால் மேலும் மிதியாதே, இறங்கித் திரும்பிப் பார்.

இறுதியாக ஒரு சொல். திருவாரூரில் தேர்க்காலிற் பட்ட கன்றின் கதையை நாம் அனைவரும் இளமையிலேயே கேட்டுள்ளோம். சக்கரத்தைச் செலுத்தியவன் அரசன் மகனாயினும், அறியாது செய்தானாயினும், அவனை அறம் வினவியது என்பதே அக்கதையின் உயிர். அக்கதையில் இறையருளால் கன்று எழுந்தது. என் தங்கையின் குதிகால் அவ்வாறு ஒரு நாளில் எழவில்லை. மதுரையில் இருமுறை ஒட்டறுவை செய்தனர். ஓராண்டு கழிந்து கணுக்கால் சிறிது கோணியிருத்தலைக் கண்டனர். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆறு திங்களுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்து அளக்கின்றனர். எலும்பு வளர்ந்து முடிந்தபின் திருத்தறுவை வேண்டுமோ வேண்டாவோ என்பதை அறிவிப்பதாக மருத்துவர் கூறியுள்ளார். விடுமுறைதோறும் யான் ஊர் சென்றால், மாலையில் துண்டைக் கோத்து அவளுடைய பாதத்தை இழுத்துவிடுவது என் பங்கு. ‘அண்ணா, போதும்’ என்று அவள் கூறுமளவும் எண்ணிக்கொண்டே இழுப்பேன்.

திருமறையின் பழைய ஏற்பாட்டில் மேவிபோசேத் என்னும் அரசகுமாரன் ஒருவன் வருகின்றான். ஐந்து வயதில் அவனைத் தூக்கிக்கொண்டு விரைந்தோடிய செவிலியின் கையினின்றும் விழுந்து இருகாலும் முடமானான். அவளும் அவனைக் காக்கவே ஓடினாள், விரைவே தீங்காயிற்று. ஆண்டுகள் பல கடந்து, தாவீது அரசன் அவனைத் தேடி அழைத்து, நாள்தோறும் தன் பந்தியில் உண்ணுமாறு இடம் அளித்தான். கால் நேராயிற்று என்று அங்கே எழுதப்படவில்லை; இடம் அளிக்கப்பட்டது என்றே எழுதப்பட்டுள்ளது. நம் வகுப்பறைகளிலும், விளையாட்டு வெளிகளிலும், வீட்டுப் பந்திகளிலும் அத்தகைய இடத்தை நாம் அளித்தல் வேண்டும். அதற்கு முன்னதாக, இக்கட்டுரையை வாசிக்கும் அன்பர் ஒவ்வொருவரும் இன்று மாலையே தம் வீட்டு மிதிவண்டியின் பின்சக்கரத்தை ஒருமுறை குனிந்து பார்ப்பாராயின், யான் எழுதியதன் பயனைப் பெற்றவனாவேன்.